மாட்டுக்கு வாங்கிய உப்புக்கட்டி

பொம்மசந்திராவில் என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது, இனி யாரிடமும் வேலைக்குப் போக மாட்டேன், ஆடு வளர்க்கப் போகிறேன் என்றார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனை பிரித்துப் போட்ட ஒரு லேஅவுட் இருந்தது. சைட்டுகளுக்குக் கல் நட்டிருந்தார்களே தவிர யாரும் வீடு கட்டவில்லை. புல் இடுப்பளவு வளர்ந்து பாம்பு வர ஆரம்பித்திருந்ததால், ஆடு மேய்ந்தால் நல்லதுதான் என்று இடத்துக்காரர் விட்டுவிட்டார். செம்மறிகளை வாங்கியது அவர். மேய்த்தது நான்.

வந்த புதிதில் அவை கண்டதையும் தின்றன. காம்பவுண்டுச் சுவரின் சுண்ணாம்பை நக்கும், சிமெண்டுச் சாக்கை மெல்லும், ஒன்றின் மயிரை இன்னொன்று பிடுங்கும். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, உடம்பில் தாது உப்பு குறைவு, நக்குவதற்கு உப்புக்கட்டி வையுங்கள் என்றார். கன்னடக்காரர். கிளம்பும்போது என்னைத் திரும்பக் கூப்பிட்டு, "குரிக்குப் பேரெ, ஹசுவுக்குப் பேரெ. கேட்டு வாங்கும்மா" என்றார். ஆட்டுக்கு வேறு, மாட்டுக்கு வேறு. மாட்டுக்கட்டியில் செம்புச் சத்து அதிகம், செம்மறிக்கு அது விஷம் என்று விளக்கினார். என் கணவரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

வெட்டவெளியில் வைத்தால் மழை கரைத்துவிடும், தரையில் வைத்தால் புழுக்கை படும். கம்புகள் நட்டு மேலே தகரம் போட்டு, ஆட்டுக்கென்று கேட்டு வாங்கிய கட்டியை அதன் முகம் எட்டும் உயரத்தில் கயிற்றில் தொங்கவிட்டேன். தண்ணீர்த் தொட்டியையும் அங்கேயே நகர்த்தினேன். ஆடுகள் முட்டிமோதிக்கொண்டு வந்து நக்கின. கட்டியின் ஓரம் வழுவழுவென்று தேய்ந்தது. சுவரை நக்குவது தானாக நின்றது.

என் மூத்தார், கணவரின் அண்ணன், பொம்மனஹள்ளியில் மாடு வைத்துப் பால் ஊற்றுபவர். மாமனார் இல்லாத குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் வந்து, மாட்டுக்கு வாங்கியதில் மிச்சம் என்று பை நிறைய உப்புக்கட்டிகளை இறக்கினார்.

"மாமா, இது மாட்டுக்கு. ஆட்டுக்கு ஆவாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"உப்புல இன்னாம்மா மாடு, ஆடு? சின்ன வயசுலேர்ந்து மாடு பாக்கறேன். நீ நேத்து வந்து எனக்குப் பாடம் எடுக்கறியா?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் பழைய கட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மூத்தார் போனதும் புதுக்கட்டியைக் கழற்றி வைத்தேன். மறுநாள் காலையில் மறுபடி தொங்கியது.

"அண்ணன் திடீர்னு வருவாரு. இல்லேன்னா மனசு கஷ்டப்படும்."

"ஆடு செத்தா?"

"ஏன் வாய வைக்கிற?"

திரும்பவும் கழற்றினேன். "எங்கண்ணன அவமானப்படுத்தணும்னா நேராவே சொல்லிடு!" என்று கத்தினார். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அதன்பிறகு கட்டி அங்கேயே தொங்கியது.

மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. ஆடுகள் கொழுகொழுவென்று இருந்தன. மூத்தார் வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்றின் முதுகைத் தட்டி, "இன்னாம்மா, செத்துப்போச்சா?" என்று என்னைக் கேட்பார். என் கணவரும் சேர்ந்து சிரிப்பார்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்ததில் ஆடுகள் ஈரத்தில் நடுங்கின. முதலில் ஒரு பெட்டை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றது. மூத்திரம் கறுஞ்சிவப்பாக விழுந்தது. இமையை விரித்துப் பார்த்தேன், மஞ்சள். மத்தியானத்துக்குள் செத்துவிட்டது. அடுத்தடுத்து மற்றவையும் விழுந்தன. டாக்டரம்மா வந்து ஒன்றை அறுத்துப் பார்த்தார். சிறுநீரகம் கரிக்கட்டை போலக் கறுத்திருந்தது. ஈரலில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, உடம்பு நலிந்த நேரத்தில் ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கிவிட்டதாம். தகரத்தடியில் தொங்கியதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சொன்னேனேம்மா."

கட்டி யார் கொடுத்தது என்பதை என் கணவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்தார் துக்கம் விசாரிப்பதுபோலக் குடும்பத்தோடு வந்தார். "மழையில நனைய வுட்டுட்டா. பொம்பளைய நம்பி ஆட்ட வுட்டா இப்படித்தான்" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னார். என் கணவர், "ஆமாண்ணா, கொட்டாய ஒழுங்கா போடல" என்றார்.

பிழைத்தவற்றை வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். என் கணவர் இப்போது ஒரு அபார்ட்மெண்டில் செக்யூரிட்டி. போன பொங்கலுக்கு மூத்தார் வீட்டுக்குக் கிளம்பும்போது, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக, "அன்னிக்கு நீ சொன்னதுதான் சரி" என்றார்.

"அத உங்கண்ணன் எதிர்ல சொல்லுங்க."

"இப்ப போய் எதுக்கு அதெல்லாம்?" சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அங்கே சாப்பிட உட்கார்ந்ததும் மூத்தார் ஆட்டுக்கதையை மறுபடி எடுத்தார். மழை, கொட்டாய், பொம்பளை. எல்லாரும் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்க்காமல், என் கணவர் இன்னொரு அப்பளம் கேட்டார்.