தரையில் கால் படாத பிள்ளை

லண்டனில் என் மகள் செல்விக்குச் சொந்தமாக ஒரு கொக்கி இருக்கிறது. வீடு இல்லை, நிலம் இல்லை, கொக்கி இருக்கிறது. வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாருக்காகக் கவுன்சில் பணம் கொடுத்து நடத்தும் நர்சரியில், அவள் கோட்டு மாட்டக் குடைப் படம் ஒட்டிய கொக்கி. அந்த இடம் கிடைத்ததால்தான் நான் தையல் ஆலைக்குப் போகிறேன். இரண்டு சம்பளம் வந்தால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

போன வாரம் நர்சரித் தலைவி மேட்ரன், "நாளைக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வருகிறார்" என்றாள். இன்ஸ்பெக்டர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் தென்காசிக்காரி அல்லவா!

நான் சிறுமியாக இருந்த ஐம்பதுகளில் எங்கள் தெருவில் நெசவாளர் பிள்ளைகளுக்கென்று ஒரு பால்வாடி இருந்தது. இருபது பிள்ளைகள் இருந்தால்தான் சர்க்கார் மானியம். ஒன்று குறைந்தாலும் பாலும் உப்புமாவும் நின்றுவிடும். பிள்ளைக்கு ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு துண்டு என்பதும் விதி. ஆனால் சோதனை அதிகாரிக்கு எங்கள் ஊர் ஞாபகம் சாரல் காலத்தில்தான் வரும். குற்றாலத்தில் குளித்துவிட்டு, தலை ஈரம் காயாமல் வந்து நிற்பார். அதே சமயத்தில்தான் தாய்மார் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஐந்தருவியில் பழம் விற்கப் போயிருப்பார்கள். அவர் கையிலிருக்கும் பழமே அவர்களிடம் வாங்கியதாகத்தான் இருக்கும். இங்கே துண்டுகள் வரிசையாகத் தொங்கும். துடைக்க முகம் இருக்காது.

ஒரு வருஷம், கணக்குக்கு ஒரு பிள்ளை குறைந்ததால், மூன்றாம் வகுப்பில் படித்த என்னைப் பால்வாடி டீச்சர் இழுத்து உட்கார வைத்தார்.

"ஏட்டி, காலை மடக்கி உக்காரு. கேட்டா நாலு வயசுன்னு சொல்லு. ஒன் தம்பி குடிக்க பாலு, பாத்துக்கோ."

அதிகாரி குனிந்து, "உன் பேர் என்னம்மா?" என்றார்.

"நாலு வயசு."

"முன்பல்லைக் காணோமே?"

"வெளையாடுதப்ப கீழ விழுந்துட்டா சார்" என்றார் டீச்சர்.

பால் நிற்கவில்லை. பல் போகிற அளவுக்குத் தரை மோசம் என்று அவர் எழுதிவிட்டுப் போக, முற்றத்தில் கொட்ட ஒரு வண்டி ஆற்றுமணல் வந்து இறங்கியது.

இப்படித் தேறியவள் சும்மா இருப்பேனா? மேட்ரன் சொன்ன மறுநாள் காலை மாடிவீட்டு ஐரிஷ்காரியின் மகன் டேவிக்குத் தேங்காயெண்ணெய் தடவி வகிடெடுத்து, செல்வியோடு சேர்த்து நர்சரிக்கு இழுத்துப் போனேன். கணக்குக்கு ஒரு பிள்ளை கூடுதலாக இருந்தால் நல்லதுதானே.

மேட்ரன் வெளுத்துப் போனாள். இங்கே விதி தலைகீழ். அறையின் அளவுக்கு இத்தனை பிள்ளைகள்தான். ஒன்று கூடினாலும் காற்று போதாதாம்.

"இது யார் குழந்தை?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நம்ம பிள்ளைதான்" என்றேன். என் நிறத்தையும் டேவியின் செம்பட்டைத் தலையையும் அந்த அம்மாள் மாறி மாறிப் பார்த்தார்.

அவனைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை. அவன் தாய் வேலைக்குப் போய்விட்டாள். ஒரு பிள்ளையைக் குறைத்தாக வேண்டும், கடைசியாகச் சேர்ந்தது செல்வி என்றாள் மேட்ரன். எனக்கு அழுகை வந்துவிட்டது. செல்வியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் மறுபடி எண்ணினார். முகம் தெளிந்தது. "தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தை நர்சரியின் குழந்தை அல்ல. தரையில் கால் படாதவரை கணக்குச் சரி."

அவர் கழிப்பறை, சமையலறையெல்லாம் பார்த்து முடிக்கும்வரை நான் அப்படியே நின்றேன். இடுப்பு விட்டுப்போனது. செல்வி தன் கொக்கியைக் கண்டுவிட்டு நெளிந்தாள்.

"அம்மா, எறக்கி விடு."

"எறங்காதட்டி. காலு தரையில பட்டா ஒனக்கு இங்கன எடமில்ல."

அவளுடைய கோட்டு குடைப் படத்தின் கீழ் தொங்கியது. அவளுடைய காலணிகள் தரைக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தன.