வெயில் பக்கத்துக் கண்ணாடி

நூறாவது நாள் காலையில் அம்மாவும் மகளும் சேர்ந்து நான்காம் மாடியில் இரண்டு ஜன்னல்களைத் துடைத்தார்கள். சுத்தம் செய்வதற்காக அல்ல. மகள் இடுக்கியால் பஞ்சைப் பிடித்து, முதலில் தண்ணீரிலும் பிறகு ஸ்பிரிட்டிலும் நனைத்து, கண்ணாடியின் வெளிப்பக்க அழுக்கை ஒற்றி ஒற்றி எடுத்தாள். அம்மா பாட்டில்களைத் திறந்து நீட்டினாள்.

"இப்படித் தடவினா நாளைக்குத்தான் முடியும். குடு, ஒரே இழுப்பு."

"கையை எடும்மா. உன் கையில இருக்கறதும் கணக்குல வந்துடும்."

"என் கையில என்னடி இருக்கு? இருபத்திரண்டு வருஷ சோப்பு."

அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அம்மா அந்தப் பதினோரு மாடி அலுவலகத்தில் ஜன்னல் துடைப்பவள். ரப்பர் பட்டையை மேல் மூலையில் வைத்தால் கீழ் மூலை வரை எடுக்கமாட்டாள். கோடு விழாது, சொட்டு நிற்காது. "அக்கா துடைச்ச ஜன்னல்ல காக்கா வந்து முட்டிக்குது" என்பான் காவலாளி. பேருந்தில் ஏறினால் பக்கத்து ஜன்னலைக் கைக்குட்டையால் துடைக்காமல் உட்காரமாட்டாள். ஒருமுறை மருத்துவரின் மூக்குக்கண்ணாடியையே கேட்டு வாங்கித் துடைத்துக் கொடுத்தாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் மகள் இரண்டு ஜன்னல்களை நூறு நாள் தொடாமல் விடச் சொன்னாள்.

மகள் காற்றின் வேதியியலைப் படிப்பவள். வண்டிப் புகையில் உள்ள நைட்ரஜன் வாயுக்கள் காற்றோடு போய்விடுவதில்லை. தூசியிலும் சுவரிலும் கண்ணாடியிலும் படிந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு நைட்ரேட் உப்பாக மாறுகின்றன. நூறு நாளில் எவ்வளவு சேரும் என்பது அவள் கேள்வி. இரண்டு ஜன்னல்களும் ஒரே சாலையைப் பார்த்தவை. ஒன்றில் முழு வெயில். மற்றொன்றை ஒரு விளம்பரப் பலகை மறைத்தது. ஒரே புகை, ஆகவே ஒரே அளவு உப்பு. அப்படித்தான் அவள் எதிர்பார்த்தாள்.

அழுக்கு ஏற ஏற மேற்பார்வையாளருக்குப் பொறுக்கவில்லை.

"பொண்ணு ஆராய்ச்சிக்கு சார்" என்றாள் அம்மா.

"உன் பொண்ணு எழுதிப் பழக என் கட்டடமா சிலேட்டு?"

எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். நான்காம் மாடியைக் கடக்கும்போது மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள்.

உப்பு கரைந்த தண்ணீர்ப் பாட்டில்களின் சோதனை முடிவு வந்தது. நிழல் ஜன்னலில் இருந்த உப்பில் பாதிகூட வெயில் ஜன்னலில் இல்லை. மகளுக்கு யோசிக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. யாரோ துடைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்கவும் வேண்டியதில்லை.

அன்று மாலை சமையலறையில் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லு. நடுவுல ஒரு நாள் துடைச்சியா?"

"இல்லடி."

"லேசா? ஒரு ஓரத்துல?"

"துடைச்சா துடைச்சேன்னு சொல்ல எனக்கென்ன பயம்? தொடல."

"அப்ப உப்பு எங்கம்மா போச்சு? ஆவியாவா போயிடும்? ஒரு வருஷ உழைப்பு. உன்கிட்டக் கேட்டது என் புத்தி."

அம்மா ஏற்கெனவே தேய்த்த வாணலியை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு இருவருக்கும் இடையே "சாப்பிட்டியா", "கதவைச் சாத்து" அளவுக்குத்தான் பேச்சு.

பதினாறு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, ஆறாம் மாடிப் படியில் அம்மா உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வாளியைக் கீழே வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் சிந்தவில்லை.

மகள் ஆய்வகத்துக்குத் திரும்ப மூன்று வாரம் ஆனது. குளிர்பெட்டியில் ஸ்பிரிட் பாட்டில்கள் அப்படியே இருந்தன. அவற்றில் இருந்தது பிசுக்கு. உப்புக் கணக்கே கெட்டுவிட்டது, பிசுக்கை அளந்து என்ன ஆகப்போகிறது என்று விட்டிருந்தாள். இடத்தைக் காலி செய்வதற்காக இப்போது அளந்தாள்.

இரண்டு ஜன்னலிலும் பிசுக்கு ஒரே அளவு.

உப்பை மட்டும் எடுத்துப் பிசுக்கை விட்டுவைக்கும் துணி எதுவும் இல்லை. அம்மாவின் கையில் நிச்சயமாக இல்லை. மகள் அழுக்குப் படிந்த கண்ணாடித் துண்டு ஒன்றை மூடிய பெட்டிக்குள் வைத்து, வெயில் போன்ற விளக்கைப் போட்டாள். பெட்டிக் காற்றில் நைட்ரஸ் அமில ஆவி ஏறியது. அணைத்தாள். இறங்கியது. வெயில், கண்ணாடியிலிருந்த உப்பை உடைத்து மறுபடி காற்றுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. ஆவியாகத்தான் போயிருந்தது.

ஐந்து முறை செய்து பார்த்தாள். ஐந்து முறையும் அம்மா துடைக்கவில்லை.

"அருமை! உடனே எழுது" என்றார் பேராசிரியர். மகள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அடுத்த நாள் அம்மாவின் மாற்றுச் சீருடைச் சட்டையை வாங்க அலுவலகத்துக்குப் போனாள். சட்டைப்பையில் நாலாக மடித்த கோடு போட்ட தாள் இருந்தது. அம்மாவின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக: 'நான்காம் மாடி வெயில் பக்கத்துக் கண்ணாடியை நூறு நாளும் யாரும் துடைக்கவில்லை. நாங்கள் பார்த்தோம்.' கீழே ஒன்று முதல் நான்கு வரை எண்கள். காவலாளி, லிஃப்ட் இயக்குபவர், மாடி கூட்டுகிற பெண் என மூன்று கையெழுத்துகள்.

"சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொருத்தர்கிட்டயா வந்து வாங்குனாங்கம்மா" என்றான் காவலாளி. "நாங்க போட்டதெல்லாம் செல்லாதாம். மேற்பார்வையாளர் போட்டாத்தான் செல்லுமாம். 'அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது, அவர் போட்டா என் பொண்ணு நம்புவா'ன்னாங்க. அவர் லீவுல இருந்தாரு. திங்கட்கிழமை வந்ததும் வாங்கிடறேன்னு சொல்லிட்டுத்தான் அன்னிக்கு மேல போனாங்க."

நான்காவது எண்ணுக்கு எதிரே, கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்ட, பென்சிலில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள்.