நைனா கொடுத்த தோல்

சென்னையில் ஓர் ஆய்வகத்தில், முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செயற்கைத் தோல் உருவாக்குவது என் வேலை. திருத்தணியில் டீக்கடை வைத்திருக்கும் என் அப்பா, நைனாவின் காலில் பஜ்ஜி எண்ணெய் கொட்டிவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்றார் டாக்டர். நைனா சம்மதிக்கவில்லை.

வேலை முடித்த அலுப்போடு ரயிலேறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். புண்ணில் சீழ் பிடித்திருந்தது.

“எம் பொண்ணு தோலையே பிரிண்ட் போடுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிக்கினு இருக்கேன். எடுத்தாந்தியா?” என்றார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“நாங்க செய்றது நகத்தளவுதான் நைனா. மருந்து சோதிக்கத்தான் ஆவும். மனுசனுக்கு ஒட்டற அளவுக்கு இன்னும் வரல.”

வெகுநேரம் மின்விசிறியையே பார்த்திருந்தார்.

“அந்த மிஷினுக்கு மை எது?”

“ஆபரேசன்ல மிச்சமாவற தோல்லருந்து எடுக்கற செல்லுதான். ஜனங்க குடுக்கறது.”

“அப்ப டாக்டரை வரச்சொல்லு. தொடையில எடுக்கறதுல மிச்சமானா நீ எடுத்துக்கினு போ. மலைக்கு முடி குடுக்கறோம், இதுக்குக் கொஞ்சம் தோல் குடுத்தா கொறஞ்சா பூடுவேன்?”

நாங்கள் அச்சிடும் தோல் ஒரு மனிதனின் புண்ணை மூட இன்னும் எத்தனை காலம் ஆகுமோ. அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இயந்திரத்தில் மை நிரப்பும்போதெல்லாம், இதைக் கொடுத்தவர் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் மின்விசிறியைப் பார்த்துப் படுத்திருந்தாரோ என்று கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.