பிலோமினா டீச்சர் பக்கத்தில் ஓர் இடம்

கல்லறைத் தோட்ட ஆபீசில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு: குடி வந்தவர்கள் யாரும் திரும்பி வந்து குறை சொல்வதில்லை. குறை சொல்வதெல்லாம் அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள்தான். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பு நடத்தும் உங்களுக்கெல்லாம் என் பாடு புரியும்.

கடல் காற்று

மயிலாப்பூர் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில் புது இடம் தீர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஏற்கெனவே குடும்பக் கல்லறை இருப்பவர்கள் மட்டும் அதைத் திறந்து அடுத்தவரை அடக்கம் செய்யலாம். மற்றவர்கள் ஊருக்கு வெளியே இருக்கும் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே என் நாக்கு தேய்ந்துவிட்டது.

கொட்டிவாக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். முந்தின நாள் அப்பா தவறிவிட்டார். குடும்பக் கல்லறை கிடையாது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி மேடம், இடம் இல்லைன்னா இல்லை. ஆனா கடல் காத்து வர்ற பக்கமா ஒண்ணு பாருங்க, அப்பாவுக்குப் புழுக்கம் ஆகவே ஆகாது."

சாகக் கூடாது

அமலதாஸ் சார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பிலோமினா டீச்சரைக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்து ஒரு மாதம் கழித்து என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் இல்லை. தன்னையும் அதே குழியில் வைக்க வேண்டும் என்று எழுதித் தர வந்திருந்தார்.

அங்கேதான் எங்கள் விதி குறுக்கே வந்தது. ஒரு குழியை மூடிவிட்டால் பத்துப் பன்னிரண்டு வருடமாவது திறக்க முடியாது. உள்ளே இருப்பது மண்ணோடு மண்ணாக வேண்டும். அதற்கு முன் அவர் போய்விட்டால் ஊருக்கு வெளியேதான். இதை ஒரு பெரியவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நான் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "அப்போ அதுவரைக்கும் நான் சாகக் கூடாது, அவ்ளோதானேம்மா?"

உப்பு இல்லாத சாப்பாடு

அன்றிலிருந்து சார் உயிரைப் பத்திரப்படுத்த ஆரம்பித்தார். காலையில் நடை. காபிக்குச் சர்க்கரை இல்லை, சாப்பாட்டுக்கு உப்பு இல்லை. வெயிலில் குடை, மழையில் வீடு. மாதத்துக்கு ஒரு முறை ரோஸியோடு கல்லறைக்கு வருவார்.

ரோஸி ஊரூர் மீனவக் குப்பத்துக்காரி. டீச்சர் படுத்த படுக்கையானதும் வேலைக்கு வந்து, கடைசி நாள் வரை குளிப்பாட்டி, ஊட்டிவிட்டவள். டீச்சர் போன பிறகும் சாருக்குச் சமைத்துப் போட நின்றுவிட்டாள். அவளுக்கும் யாரும் இல்லை. பூவை வைத்துவிட்டுக் கல்லறையோடு சத்தமாகப் பேசுவாள். ஒருநாள் என் காதிலேயே விழுந்தது: "டீச்சர், உன் ஊட்டுக்காரரு உப்பு போட்டா துண்ண மாட்டேன்றாரு. எல்லாம் உன்னாண்ட வர்றதுக்குத்தான், கொஞ்சம் பொறுத்துக்க."

கல்லறைத் திருநாள்

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் எங்களுக்குச் சோறு தண்ணி கிடையாது. மெழுகுவர்த்தி, சாமந்தி, வாளித் தண்ணீருக்குச் சண்டை. ஒரு வருடம் டீச்சரின் கல்லறைக் கல் வெயிலில் வெடித்திருந்தது. பெயரில் பாதி எழுத்து போய்விட்டது. சார் கால்மடக்கி உட்கார்ந்து, இல்லாத எழுத்துகளின் மேலும் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நான் தனிக்கட்டை. என் பக்கத்தில் வந்து படுக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் உப்பை விட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பாரா என்று நினைத்தேன். பொறாமையாக இருந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பக்கமாக வந்த எங்கள் குழி வெட்டும் டேவிட் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான்: "கல்லே வெடிச்சிக்கினு கீது, நீ இன்னா சார் இன்னும் கல்லு மாரி கீற!"

கெடு முடிந்தது

கெடு முடிந்த அன்று சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மைசூர்பாகு டப்பாவோடு வந்தார். எனக்கும் டேவிட்டுக்கும் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தின்னும் இனிப்பு. கண்ணை மூடி ரசித்துவிட்டுச் சொன்னார்: "இனிமே மாடிப்படியில கைப்பிடி பிடிக்காமலே இறங்கலாம்மா."

ரோஸி

முதலில் போனது ரோஸி. காய்ச்சல் என்று படுத்தாள், ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டாள். ஊருக்கு வெளியே உள்ள தோட்டத்துக்கு நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது சார் வந்தார். ஃபாதரிடம் பேசிவிட்டாராம். ரோஸிக்காக டீச்சரின் குழியைத் திறக்கச் சொன்னார்.

நான் வேலையை மறந்து கத்திவிட்டேன். "சார், இப்போ திறந்து மூடினா மறுபடியும் முதல்லேருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம். உங்களுக்கு எண்பது தாண்டிடுச்சு. இதுக்குத்தானே இவ்ளோ நாள் காத்திருந்தீங்க?" மண்வெட்டியோடு நின்ற டேவிட்டும் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். அந்த இடத்தின் மேல் சாருக்கு இருந்த ஆசை முழுக்க முகத்தில் தெரிந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்: "நான் எங்கே கிடந்தாலும் பிலோமினா என்னைத் தேடி வந்துடுவா. ரோஸியைத் தேட யாரும் இல்லைம்மா."

எங்கள் ஆபீசில் கல்லுக்கும் குழிக்கும் எலும்புக்கும் ஒரு கெடு உண்டு, இந்தப் பாசத்துக்கு மட்டும் என்ன கெடு போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.