பிள்ளையார் சரிவில் ஏழாவது ஆள்

என் சித்தப்பா படகு வைத்திருந்தார் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். திருவண்ணாமலையில் மலை இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் கொள்ளாத கூட்டம் இருக்கிறது, படகுக்கு இங்கே என்ன வேலை என்பார்கள். விளக்கிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரியில் அவர் மீன் குத்தகை எடுத்திருந்தார். வலை போடுவதற்காகப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி வந்தார். அவ்வளவுதான் சங்கதி.

எனக்கு அப்போது பத்து வயது. அந்த வருஷ மழையில் வாய்க்கால் உடைந்து, ஏரிக்குத் தண்ணீர் வந்து சேர்கிற உள்வாய்ப் பக்கம் தாழ்வாக இருந்த ஒரு தெருவைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. சித்தப்பா தன் படகில் அந்தத் தெரு ஜனங்களை ஏற்றி, ஏரியைக் குறுக்கே கடந்து, எதிர்க்கரையில் கொண்டுவந்து சேர்த்தார். நாள் முழுக்க நடை மேல் நடை. கடைசி நடையில் ஏழு பேர் ஏறினார்கள். ஆறு பேர் இறங்கினார்கள்.

அந்த ஏழாவது ஆள் ஒரு சின்னப் பெண் என்றும், படகு குலுங்கியபோது சித்தப்பா எட்டிப் பிடித்த கை ஈரத்தில் வழுக்கிவிட்டது என்றும், மூன்றாம் நாள் மதகுப் பக்கம் கிடைத்தாள் என்றும் சமையலறையில் பேசிக்கொண்டார்கள். நான் உள்ளே போனால் பேச்சு உடனே வெங்காய விலைக்குத் தாவிவிடும். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள். எல்லாம் தெரியும் என்று நான் நினைத்தேன். இரண்டுமே தப்பு.

அதற்கப்புறம் சித்தப்பா வீட்டில் தங்கவில்லை. கல்யாணமாகாத மனிதர், எங்களோடுதான் இருந்தார். என் நோட்டுக்கு அட்டை போடுவது, எனக்குச் சடை பின்னிக் கெடுப்பது எல்லாம் அவர் வேலை. அவர் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏரிக்குப் போய், தண்ணீரில் கட்டிக் கிடந்த படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். கடைசி பஸ்ஸில் வருவார். பிறகு அதுவும் இல்லை. ஏரிக்கரை மோட்டார் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். கொடுத்தனுப்பிய சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் அவருடைய சட்டையை வேறு யாரோ மாட்டிக்கொண்டிருப்பது போல ஆகிவிட்டார். இப்படியே விட்டால் ஆளை நாம் பார்க்க முடியாது என்று அம்மா ஒருநாள் அப்பாவிடம் வெளிப்படையாகவே சொல்லி அழுதாள்.

படகைக் கரையேற்றவும் அவர் விடவில்லை. அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் ஏறினாலும் எண்ணுவார், இறங்கும்போது ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து இறக்கி மறுபடி எண்ணுவார். நெல் அளக்கிறவர்கள் மாதிரி, ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்றுதான் தொடங்குவார். லாபம், ரெண்டு, மூணு. எண்ணிக்கை நேராகாமல் படகு தண்ணீரை விட்டு வரக் கூடாது. லீவு நாளில் என்னையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தால்கூட, 'லாபம், ரெண்டு' என்று எங்களை மூட்டை போல இறக்கி வைத்த பிறகுதான் கயிற்றைத் தொடுவார். நான் கெக்கெக்கே என்று சிரிப்பேன்.

"எண்ணிக்க நேராவலண்ணா. எப்படி மேல ஏத்தறது?" என்று அப்பாவிடமும் அதையே சொன்னாராம்.

படகு கண்ணை விட்டுப் போனால்தான் தம்பி வீட்டுக்கு வருவான் என்று அப்பா முடிவு கட்டினார். வேங்கிக்காலில் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவர் எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கம். மூன்று தலைமுறையாக இரும்பு வேலை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட்ட குடும்பம், இப்போது டிராக்டர் டிரெய்லர் செய்கிறது. அவர் ஒரு டிரெய்லரின் பலகைகளைக் கழற்றிவிட்டு, படகு உட்காருகிற மாதிரி சட்டம் அடித்து, முன்னால் கையால் சுற்றுகிற ராட்டினம் ஒன்றையும் வெல்டு வைத்துக் கொடுத்தார். படகைத் தன் பட்டறையிலேயே போட்டு வைப்பதாகவும் சொன்னார்.

"பாப்பாவையும் கூட்டிம்போங்க," என்றாள் அம்மா. "அவ கூப்ட்டா எழுந்து வருவாரு." ஆக, தூண்டில் புழுவாக நானும் புறப்பட்டேன். திரும்பும்போது கீழ்பென்னாத்தூரில் பரோட்டா வாங்கித் தருவதாகப் பேச்சு. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் நான் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

சித்தப்பா வெள்ளத்தன்று ஜனங்களை இறக்கிய அந்தக் கரையில், தண்ணீருக்குள் இறங்குகிற சிமெண்ட் சரிவு ஒன்று இருந்தது. பிள்ளையார் சதுர்த்தி முடிந்து சிலைகளைக் கரைப்பதற்காகக் கட்டியது. அதனால் பிள்ளையார் சரிவு என்று பெயர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மேகம் மூடிய ஒரு வெள்ளை வெளிச்சம். காற்று சுத்தமாக நின்றிருந்தது. அந்த ஏரியில் எப்போதும் கொக்குகள் நிற்கும், அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. தூரத்து மலை தண்ணீரில் தலைகீழாகக் கிடந்தது. சரிவின் ஓரமாக எட்டிப் பார்த்தேன். பாசிக்கு அடியில் வெள்ளையாக ஒரு கை, உள்ளங்கையை மேலே காட்டிக்கொண்டு. எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம்தான் அதில் கொழுக்கட்டை தெரிந்தது. கரையாத பிள்ளையார் கை.

சித்தப்பா என்னைப் பார்த்தார், ஆனால் பார்க்கவில்லை. நான் கூப்பிட்டதற்கு "ம்" என்றார். கரை மேல் ஒரு பனைமரத்தடியில் நீல நூல்புடவை கட்டிய அம்மாள் ஒருத்தி நின்றிருந்தாள். ஊரில் எது நடந்தாலும் வேடிக்கை பார்க்க ஓர் ஆள் நிற்பதுதானே, அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் டிராக்டரைப் பின்னுக்கு விட்டு, டிரெய்லரின் சக்கரங்கள் தண்ணீருக்குள் முழுகும்வரை இறக்கினார். அப்பா படகைத் தள்ளி வந்து அதன் மூக்கைச் சட்டத்தின் மேல் ஏற்றி, இரும்புக் கயிற்றை மாட்டி, ராட்டினத்தைச் சுற்றினார். கயிறு விறைத்தது. படகு அசையவில்லை. இன்னும் சுற்றினார். கயிறு ங்ங்ங் என்று ஒரு சத்தம் போட்டதே தவிர, படகு மூக்கை மட்டும் சட்டத்தில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தது.

"தண்ணி பூந்துகீதா பாருங்க," என்றார் பாய். அப்பா எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு கை தண்ணீர்கூட இல்லை.

பாய் டிராக்டரை முன்னால் எடுத்தார். பின்சக்கரங்கள் பாசியில் சுற்றின, புகை வந்தது, டிராக்டரின் மூக்கு லேசாக மேலே எழும்பியது. அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"காலி படகுங்க இது. நாலு பேர் சேந்தா தூக்கிட்லாம். என் வண்டி மூணு டன்னு கரும்பு இழுக்கும். இது இன்னாத்துக்கு இவ்ளோ வெயிட்டு ஜாஸ்தி?"

சித்தப்பா அதுவரை சரிவு ஓரத்தில் குந்தியிருந்தார். எழுந்து நின்றார்.

"காலி இல்ல பாய்," என்றார். "இன்னும் யாரும் எறங்கல."

அப்பா "டேய்" என்று சொல்ல வாயெடுத்தார். பாய் அவர் தோளில் கை வைத்து அழுத்தினார். சித்தப்பா தொடையளவு தண்ணீரில் இறங்கிப் போய், படகின் பக்கவாட்டில் நின்று, வலது கையை நீட்டினார். யாரோ பிடித்துக்கொண்டது போல அந்தக் கை கொஞ்சம் தாழ்ந்தது. மெதுவாக வளைத்துக் கரைப் பக்கம் கொண்டுவந்து விட்டார்.

"லாபம்."

படகின் வயிற்றில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அதுவரை அது தண்ணீருக்குள் இருந்தது. இப்போது அது விரல்கிடை அளவு மேலே வந்ததை நான் பார்த்தேன். என்னைத் தவிர யாராவது பார்த்தார்களா என்று தெரியாது; அப்பாவும் பாயும் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு." மறுபடி கை நீண்டது, தாழ்ந்தது, வளைந்தது. கோடு இன்னும் கொஞ்சம் எழும்பியது. "மூணு. பாத்து, வழுக்கும்." யாருக்கோ சொன்னார். "நாலு." நாலாவது ஆள் வயசானவர் போலிருக்கிறது, இரண்டு கையாலும் தாங்கி இறக்கினார். "அஞ்சு. ஆறு."

அப்புறம் கை நீட்டியபடியே நின்றுவிட்டார்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நீட்டிய கையை அவர் மடக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது என்று இப்போது எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எனக்குப் பசி, அதைவிடக் கோபம். காலையிலிருந்து என்னை ஒரு தடவை சரியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. யார் யாருக்கோ கை கொடுத்து இறக்குகிறார். நான் ஒருத்தி இங்கே நிற்கிறேன்.

டிரெய்லரின் முன்சட்டத்தில் கால் வைத்து, ராட்டினத்தைப் பிடித்து, படகின் மூக்கு வழியாக உள்ளே குதித்தேன். அப்பா "பாப்பா" என்று கத்தியது கேட்டது. நான் குதித்தும் படகு அமுங்கவில்லை. ஆடக்கூட இல்லை. என் கனம் அதற்கு முன்பே அதில் இருந்தது போல. உட்காரும் பலகைகள் எல்லாம் காய்ந்து வெளுத்திருந்தன. நடுப்பலகையில் மட்டும், நான் உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அந்த அளவுக்கு, ஈரம். அதை ஒட்டினாற்போல் நின்று சித்தப்பாவின் கையைப் பிடித்தேன்.

அவர் கை பனிக்கட்டி போலச் சில்லிட்டிருந்தது. அது என் விரல்களைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை ஏறி இறுக்கிப் பிடித்தது. மறுநாள் பார்த்தபோது நாலு விரல் தடம் நீலமாக இருந்தது. என்னைத் தூக்கினார். காலை மட்டும் தண்ணீரில் நனைத்து, சரிவு மேல் நிறுத்தினார். பிறகு சொன்னார். ஏரிக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஏழு."

வெள்ளைக் கோடு முழுசாக மேலே வந்தது. அப்பா ராட்டினத்தில் கை வைத்ததுதான் தாமதம், படகு பஞ்சு மூட்டை போல வழுக்கிக்கொண்டு டிரெய்லரில் ஏறி உட்கார்ந்தது. பாய் வண்டியை எடுத்தார். சொட்டச் சொட்ட மேலே வந்துவிட்டது. தண்ணீரில் கிடந்த ஏதோ ஒரு பழைய சிலையின் கம்பி அடியில் மாட்டியிருக்கும் என்று அப்பா இன்றுவரை சொல்கிறார். பாய் அன்றைக்கே டிரெய்லருக்கு அடியில் படுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு கீறல்கூட இல்லை என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பா சரிவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். நான் அவரிடம் போகலாம் என்று திரும்பினேன். அதற்குள் கரை மேல் நின்ற அந்த நீலப்புடவை அம்மாள் சரிவில் இறங்கி என் எதிரே வந்துவிட்டாள். குந்தி உட்கார்ந்து, முந்தானையால் என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். நனைந்திருந்தது என் கால் மட்டும்தான். தலை காய்ந்துதான் இருந்தது. அவள் பாட்டுக்கு உச்சி, காதுமடல், பின்கழுத்து என்று துவட்டிக்கொண்டே இருந்தாள்.

"பசிக்குதா?" என்று கேட்டாள்.

"ம்," என்றேன்.

யாரென்று தெரியாதவள் தலையைத் தொடுகிறாளே என்று எனக்கு எரிச்சல். புடவையில் அடுப்புப் புகை வாசம். தலையைச் சிலுப்பிக்கொண்டு விலகி, அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யாராக இருந்தாலும் நாலு வார்த்தை பேசாமல் விடாத அப்பா, அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாய் டிராக்டரை அணைத்தார். அவள் முந்தானையைப் பிழிந்து உதறினாள். சரிவில் தண்ணீர் சொட்டியதைப் பார்த்தேன். எங்கிருந்து வந்த தண்ணீர் என்று கேட்கத் தோன்றவில்லை.

"போ, போய் சாப்டு," என்று சொல்லிவிட்டுக் கரையேறிப் போனாள்.

சித்தப்பா எங்களோடு வந்தார். பரோட்டா சாப்பிட்டார். மூன்று. நான் எண்ணினேன். அதற்கப்புறம் ஏரிப் பக்கம் போகவில்லை, ஆள் பிழைத்துக்கொண்டார். படகு பாயின் பட்டறைக்குப் பின்னால் கிடந்து கிடந்து, அதில் கோழிகள் முட்டையிட்டன. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான் என்று ரொம்ப நாள் எனக்குப் பெருமை. பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கே பிள்ளை பிறந்த பிறகு ஒருநாள் அம்மா சொன்னாள். வெள்ளத்தன்று அந்த நீலப்புடவை அம்மாள் கைக்குழந்தையோடு முந்தின நடையில் ஏறியிருக்கிறாள். படகில் இடம் கம்மி. மகளை அடுத்த நடையில் வரச் சொல்லிவிட்டு, அதே பனைமரத்தடியில் காத்து நின்றிருக்கிறாள். படகு வந்ததும் சித்தப்பா எண்ணி எண்ணி இறக்கியதை அவளும் கூடவே எண்ணியிருக்கிறாள். அன்றைக்கு ஆறோடு நின்றுபோனது. நாங்கள் படகெடுக்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் காதில் ஏழு விழுந்தது.

அவள் பெண்ணுக்கும் பத்து வயதுதானாம்.

நான் அவள் முந்தானைக்குள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம். பரோட்டா எங்கே ஓடிவிடப் போகிறது.