அத்தை போட்ட தேத்தண்ணி

முதியோருக்காக அரசாங்கம் திட்டம் போடுகிறது. நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தத் திட்டமானாலும் ‘குடும்பத்தினர் பார்த்துக்கொள்வார்கள்’ என்று நடுவில் ஒரு வரி வந்துவிடுகிறது. புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டில் அந்தக் குடும்பத்தினர் நான் ஒருத்திதான். எனக்கே அறுபது தாண்டிவிட்டது, இரண்டு முட்டியும் தேய்ந்து போச்சு. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, தொண்ணூறை நெருங்குகிறது. அவர் பெற்ற ஒரே மகன், என் கணவர், போய்ச் சேர்ந்துவிட்டார். என் பையன் சிங்கப்பூரில். ஒரு கிழவியை இன்னொரு கிழவி தூக்குகிறாள், வேறென்ன சொல்ல?

முட்டி ஆபரேஷனுக்கு ஒருவழியாகத் தேதி கிடைத்தது. அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு நான் எதையும் தூக்கக் கூடாதாம். அப்படியானால் அத்தையை யார் குளிப்பாட்டுவது? வீட்டுக்கே ஆள் அனுப்பும் திட்டம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆயர் குரோவிலுள்ள நல அலுவலகத்துக்கு அலையோ அலை என்று அலைந்தேன். கடைசியில் நேரில் பார்த்துவிட்டுப் போக ஒரு பெண் வந்தாள். தமிழ்ப் பிள்ளை.

“பாட்டி, எழுந்து நடக்க முடியுதா?”

மாதக்கணக்கில் என் தோளைப் பிடிக்காமல் எழுந்திராத அத்தை, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“ஏன் முடியாது? வீட்டுக்கு வந்த புள்ளய வெறும் வாயோடயா அனுப்புவேன்?”

அடுப்படிக்குப் போனார். பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி, ஒரு கை சுவரில், ஒரு கையில் கோப்பை என்று கொண்டுவந்து வைத்தார். பாவி மனுஷி, பாதியைத்தான் சிந்தினார்.

“உங்கள யாரு பாட்டி பாத்துக்கறது?”

“எம் மருமகதான். தங்கமானவ. எனக்கு என்னா கொறச்சல்?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாயால் எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைத்ததில்லை. கிடைத்த நேரத்தைப் பாருங்கள்!

“சும்மா சொல்றாங்கம்மா, அவங்களால முடியாது” என்றேன்.

“பாட்டி ஸ்ட்ரோங்காதான் இருக்காங்க லா, ஆன்ட்டி. படுத்த படுக்கையா உள்ளவங்களே நெறைய பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. இப்ப கஷ்டம்.”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ணால் பார்த்ததைத்தானே எழுதுவாள்.

அவள் கார் முனை திரும்புவதற்குள் அத்தை அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியே விட்டேன்.

“ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க? என் முட்டிய கொஞ்சமாச்சும் நெனச்சுப் பாத்தீங்களா?”

அத்தை என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நடக்க முடியலன்னு தெரிஞ்சா முதியோர் இல்லத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்கம்மா. புலாவ் செபாங் ரப்பர் தோட்டத்துல என்கூட பால்மரம் வெட்டுனவள அப்படித்தான கொண்டு போனாங்க. அவ திரும்பி வரவே இல்ல.”

உதவிக்குத்தான் ஆள் வருகிறது என்று நான் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. வேறு வழி? பல்லைக் கடித்துக்கொண்டு அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, இப்போது வர முடியாது என்றேன்.

“பரவால்ல ஆன்ட்டி. எப்ப முடியும்னு சொல்லுங்க, அந்தத் தேதிக்கு மாத்திடலாம்” என்றாள் அங்கிருந்த பெண்.

எப்போது முடியும்? அத்தை இருக்கும்வரை முடியாது. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வேன்? அடுத்த அறையில் அவர் இருமுவது கேட்டது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.