முட்டித் தண்ணீரும் எர்த்து கம்பியும்

நுண்ணோக்கியின் கீழ் கண்ணாடி ஊசியின் முனை செல்லைத் தொட்டது. சாலிஹா ரப்பர் குழாயை வாயில் வைத்து லேசாக உறிஞ்சினாள். திரையில் கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது. ஊசி செல்லில் ஒட்டியதா இல்லையா என்று தெரியவில்லை. ஊசியை அசைத்ததும் செல் கிழிந்தது.

"இதோட ஆறு போச்சு."

"ஆறும் என்னுதா?" என்று கேட்டாள் கதவோரம் ஸ்டூலில் இருந்த கன்னியம்மா.

"உங்களுதுதான் அக்கா."

காலையில் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் கன்னியம்மாவின் வலது முட்டியிலிருந்து நீர் எடுத்தார்கள். அவளிடம் கையெழுத்து வாங்கி அதில் கொஞ்சத்தை சாலிஹாவிடம் கொடுத்தார்கள். ஜீப் கும்மிடிப்பூண்டி ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும் வழியில்தான் கவரைப்பேட்டை, கன்னியம்மாவின் ஊர். அவள் இறங்கவில்லை. "என் முட்டித் தண்ணிய இன்னா பண்றீங்கோன்னு பாத்துட்டுப் போறேன். கழனி எங்கியும் ஓடிடாது" என்றாள்.

மூட்டுவாதத்தில் உடம்பைக் காக்க வேண்டிய செல்களே மூட்டைத் தின்கின்றன. அந்தச் செல்களின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் கதவுகள் உண்டு. கதவை அடைத்தால் செல் அடங்கும். கடலடியில் பாறையில் ஒட்டி வாழும் ஓர் உயிரின் நஞ்சைப் பார்த்து சாலிஹா செய்த சிறு புரதம் அந்தக் கதவை அடைத்தது. 2003இல் அதைக் கட்டுரையாக எழுதினாள். ஐந்து வருடங்களில் உலகத்தில் பதினோரு பேர் தங்கள் கட்டுரைகளில் அதைச் சுட்டினார்கள். பழவேற்காட்டில் கடை வைத்திருக்கும் தம்பி மொஹசினிடம் சொன்னாள்.

"பதினோரு பேரா லாத்தா? நம்ம கடைக்கு நாஷ்டா நேரத்துக்குள்ளயே அத்தினி பேரு வந்துட்றாங்க."

இரண்டாவது கட்டுரையைப் பத்திரிகை திருப்பி அனுப்பியிருந்தது. நோயாளியின் செல்லிலும் கதவு அடைகிறதா, காட்டு என்று கேட்டது. வெள்ளிக்கிழமை கெடு. இன்று புதன். முட்டி நீரில் உள்ள செல்கள் சாயங்காலம் வரை தாங்கும்.

ஆய்வுக்கூடத்துக்கு அடுத்த சுவர் இரும்பு உருக்கும் ஆலை. உலை ஓடினால் கோடு நடுங்கும். அதனால் சாலிஹா மூன்று வருடங்களாக, ஆலைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்தாள். கல்யாணங்களுக்குப் போகவில்லை. இந்த வருடம் தொழிற்பேட்டைக்குப் புதன்தோறும் மின்சாரம் நிறுத்தினார்கள். எல்லோரும் திட்டினார்கள். சாலிஹா இரண்டு லாரி பேட்டரி வாங்கி, அதில் கருவியை ஓட்டினாள். வாரத்தில் இரண்டு அமைதியான நாட்கள் கிடைத்தன.

இன்று சுவருக்கு அப்பால் ஜெனரேட்டர் ஓடியது.

ஆலையின் எலெக்ட்ரீஷியன் தணிகைவேல் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு மணி நேரம் நிறுத்த முடியுமா?"

"புது ஜெனரேட்டரு மேடம். உள்ள கடைசல் வேலை ஓடிக்கினுக்குது. நிறுத்தனா என் சீட்ட கிழிச்சிடுவாங்கோ."

சாலிஹா திரும்பி வந்தாள். வெளி மின்சாரத்தைத் தடுக்கக் கருவியைச் சுற்றியிருந்த செம்புக் கூண்டைப் பார்த்தாள். பேட்டரி தனி. விளக்கும் பேட்டரியில். வெளியோடு தொடர்புள்ளது ஒன்றுதான்: கூண்டிலிருந்து இறங்கும் எர்த்து கம்பி. கழற்றினாள். நடுக்கம் பாதியாகக் குறைந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே போனாள். அது ஜன்னலைத் தாண்டி, சுவர் ஏறி, ஆலைக்குள் இறங்கியது.

"அண்ணே, இது எங்க போவுது?"

தணிகைவேல் பீடியைப் போட்டார். "எங்க எர்த்து குழிக்குத்தான். நீங்க வந்த புதுசுல நான்தான் குட்த்தேன். உங்களுக்கு எதுக்குத் தனியா செலவுன்னு."

"உலைக்கும் அதே குழியா?"

"எல்லாத்துக்கும் அதான். நல்ல குழி மேடம்."

உலையின் நடுக்கமும் இந்தக் கம்பி வழியாகத்தான் கூண்டுக்குள் வந்திருந்தது. மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள். தணிகைவேலுக்கும் புரிந்துவிட்டது.

"பேஜாரா பூட்ச்சே" என்று சொல்லிக் கடப்பாறை எடுக்கப் போனார்.

ஆய்வுக்கூடத்தின் பின்னால் மழையில் ஊறிய மண். தணிகைவேல் அங்கே தனியாக ஓர் எர்த்து குழி தோண்டினார். ஆலையிலிருந்து இரும்புக் குழாயும் கரியும் உப்பும் கொண்டுவந்தார். கன்னியம்மா நொண்டிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இன்னாயா, பூனை மாதிரி பறிக்கிற? குனிஞ்சி போடு."

"நீ முட்டியப் பாத்துக்கோம்மா."

"அது உள்ள கண்ணாடில கீது. அதுக்குத்தான் உன்ன பறிக்கச் சொல்றாங்கோ."

குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார்கள். கன்னியம்மா குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள்.

மூன்றரை மணிக்கு புதுக் கம்பி கூண்டில் ஏறியது. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கோடு நேராக இருந்தது.

ஏழாவது செல்லும் எட்டாவதும் ஒட்டவில்லை. ஒன்பதாவது ஒட்டியது. கதவுகள் திறந்தன, கோடு மேலே எழுந்தது. சாலிஹா புரதத்தை ஒரு சொட்டு விட்டாள். கோடு இறங்கி அடியில் படுத்தது.

"செத்துப்போச்சா?" என்றாள் கன்னியம்மா.

"இல்லக்கா. சும்மா இருக்குது."

"இதால என் முட்டி சரியாவுமா?"

சாலிஹா அவளைப் பார்த்தாள். "உங்க முட்டிக்கு ஆவாதுக்கா. மருந்தா வர பத்து பதினஞ்சு வருஷம் ஆவும். வராமலும் போவலாம்."

"அதுக்குள்ள முட்டியே தேஞ்சிடும்" என்றாள் கன்னியம்மா. பிறகு திரையைக் காட்டி, "இன்னொரு தபா அடக்கு, பாக்கலாம்" என்றாள்.

ஐந்தரைக்குள் மேலும் மூன்று செல்கள் கிடைத்தன.

மறுநாள் வியாழக்கிழமை. மின்சாரம் வந்தது. ஆலையில் உலை எரிந்தது. சாலிஹா காலையில் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பினாள். மத்தியானம் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த ஒரு செல்லைப் பதிவு செய்தாள். உலை ஓடியபோதும் கோடு நேராக இருந்தது. தணிகைவேல் புதுக் குழிக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். கவரைப்பேட்டையில் கன்னியம்மா களை எடுக்க ஆள் விட்டு, வரப்பில் உட்கார்ந்திருந்தாள். முட்டி லேசாக வீங்கியிருந்தது. மொஹசின் சாலிஹாவுக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம், வழக்கம்போல வரமாட்டியா என்று கேட்டான். வருகிறேன் என்றாள்.